பன்னிரண்டு பேருக்கு ஒரு விமானம்

ரொறன்ரோவுக்கு வடகிழக்கே, சோள வயல்களுக்கு நடுவில் உள்ள ஒரு சின்ன ஓடுபாதையில் எங்கள் விமானம் நிற்கிறது. செஸ்னா 172. நான்கு இருக்கை, 150 குதிரைவலு எஞ்சின். 1970களில் அமெரிக்காவின் விச்சிற்றா நகரில் செய்யப்பட்டது. இந்த ரகத்தில் 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்படவில்லை. எங்களுடையதற்குப் பன்னிரண்டு பேர் சொந்தக்காரர். ஓய்வுபெற்ற பஸ் சாரதி, இரவு வேலை பார்க்கும் தாதி, பால்மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் கணவனும் மனைவியும், பல்கலைக்கழகத்தை முடித்த இளைஞன் ஒருவன், இலங்கையில் கிளிநொச்சியின் வட்டக்கச்சியில் பிறந்த நான். எங்கள் பறப்புக் கழகத்தின் கணக்குக் கொப்பி பல வருடங்களாக என்னிடம்தான் இருக்கிறது.

விமானம் ஓட்டக் கனடாவில் கற்றேன். ஒரு விமானத்தைப் பன்னிரண்டு பேர் சண்டையில்லாமல் வைத்திருப்பதற்கு வேண்டியதை அதற்கு வெகு முன்னரே, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் கரையில், அப்பாவிடம் கற்றுக்கொண்டேன். இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

எங்கள் ஊரில் விமானம் என்றால் என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். 1990 யூனில் போர் மறுபடி தொடங்கியபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். சத்தத்தை வைத்தே எது வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். ஹெலி என்றால் தூரத்திலேயே அடிவயிற்றில் அதிரும். 'சகடை' மெதுவாக, உயரத்தில், இரைந்துகொண்டே போகும். சியாமாசெட்டி இரண்டு இரண்டாக வரும். ஒன்று மேலே வட்டமிட மற்றது குத்தி இறங்கும். "பொம்பர் வருது" என்ற குரல் கேட்டதும் அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்குவா. அம்மம்மாவை நானும் அப்பாவும் கைபிடித்து இறக்குவோம். பனங்குற்றி அடுக்கி மண் மூட்டை போட்ட பங்கர் அது. மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வானம் வெளித்திருக்கும் நாளில்தான் பயம் அதிகம். மப்பு மந்தாரமான நாளில் பள்ளிக்கூடம் போவது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

1996இல் இராணுவம் கிளிநொச்சியை நோக்கி நகர்ந்தபோது அக்கராயன் பக்கம் போனோம். ஓரிரு வருடங்களில் நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டேன். அப்பாவும் அம்மாவும் அங்கேயே இருந்தார்கள். பிந்திய ஆண்டுகளில் தொலைபேசியில் கதைக்கும்போது "மேலை வண்டு நிக்குது" என்பா அம்மா. வேவு பார்க்கும் ஆளில்லா விமானத்துக்குச் சனம் வைத்த பெயர் அது. இரவு பகலாக அந்த ரீங்காரம் தலைக்கு மேல் நிற்கும். அதன் பின்னால் எது வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இப்படி வளர்ந்த ஒருவன் ஏன் விமானம் ஓட்டப் போனான் என்று என் உறவினர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். மார்க்கம் நகரில் நான் வேலை செய்த தொழிற்சாலைக்குப் பக்கத்தில் பட்டன்வில் விமான நிலையம் இருந்தது. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சின்ன விமானங்கள் தலைக்கு மேலே தாழ்ந்து வந்து இறங்கும். ஒவ்வொரு முறையும் என் தோள் தானாகக் குனியும். பக்கத்தில் நிற்கிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அந்தச் சத்தத்துக்குப் பயப்படாதவர்களின் உலகம் எப்படியிருக்கும் என்று அறிய எனக்கு ஆசை வந்தது. காசு சேர்த்து, அங்கேயே ஒரு மணித்தியாலம், இன்னொரு மணித்தியாலம் என்று படித்தேன். தனியார் விமானி அனுமதிக்குக் கனடாவில் குறைந்தது 45 மணித்தியாலப் பறப்பு வேண்டும். இரவு வேலை செய்துகொண்டு படித்ததால் எனக்கு அதைவிடக் கூடுதலாகவே தேவைப்பட்டது. அந்த நிலையம் 2023 நவம்பரில் மூடப்பட்டுவிட்டது. அங்கே படித்தவர்கள் எல்லாரும் ஒரு வீட்டை இழந்ததுபோல உணர்ந்தோம்.

அனுமதி கிடைத்த அடுத்த கோடையில் ஒரு கிராமத்து ஓடுபாதையில் காலை விருந்து நடந்தது. சுற்றுவட்டாரத்து விமானிகள் அவரவர் விமானங்களில் வந்து இறங்கி, ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அங்கே வரிசையின் கடைசியில் நின்ற ஒரு விமானத்தைப் பார்த்ததும் எனக்குக் கால் ஓடவில்லை. செட்டை நுனிகளில் எண்ணெய்த் தாங்கிகள், மூக்கு நீண்ட, அழகான சிறு விமானம். சியாய் மார்க்கெற்றி எஸ்.எஃப்.260. எங்கள் சியாமாசெட்டி. சொந்தக்காரர் ஒரு முதியவர். பிள்ளைகளைத் தூக்கி உள்ளே இருத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இத்தாலியர் பயிற்சிக்காகவும் வானில் சாகசம் பழகுவதற்காகவும் செய்த விமானம் அது. 1985இல் இலங்கை வான்படை வாங்கியது அதே விமானத்தின் இன்னொரு வடிவத்தை. அதற்குக் குண்டு பூட்டினார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2007 மார்ச்சில் கட்டுநாயக்கா வான்படைத் தளத்தின்மேல் புலிகள் குண்டு போட்டது ஸ்லின் 143 என்ற செக் நாட்டு விமானத்தில். அதுவும் நான்கு இருக்கைப் பயிற்சி விமானம், எங்கள் செஸ்னாவின் வகைதான். உலகின் பல ஊர்களில் ஆசிரியரும் பாடசாலைப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பறக்கப் பழகும் விமானங்கள், எங்கள் வானத்துக்கு வந்தபோது இரண்டு பக்கத்திலும் ஆயுதமாகவே வந்தன. வன்னியில் நிலம் எங்களுடையதாக இருந்தது, குளம் எங்களுடையதாக இருந்தது. வானம் எப்போதும் வேறு யாருடையதோதான். அன்று அந்த முதியவர் "ஏறி இருந்து பாருங்கள்" என்று என்னையும் அழைத்தார். ஏறி இருந்தேன். கண்ணாடிக்கூடு நிறைய வெயில். இறங்கி வந்தபோது ஒரு முடிவு என்னிடம் இருந்தது: தனியாக ஒரு விமானம் எனக்கு வேண்டாம், பலபேர் சேர்ந்து வைத்திருக்கும் விமானம் ஒன்றில் என் பெயரும் இருக்க வேண்டும். அந்த வருடமே இந்தக் கழகத்தில் ஒரு பங்கு வாங்கினேன்.

பங்கு வாங்குவது சுலபம். நடத்துவதுதான் வேலை. எங்கள் கணக்கை இரண்டாகப் பிரித்திருக்கிறோம். விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும் செலவு ஒன்று: நிறுத்துமிட வாடகை, காப்புறுதி, வருடாந்தப் பரிசோதனை. அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் எல்லாரும் கட்டுகிறோம். பறப்பதால் வரும் செலவு மற்றது. மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 30 லீற்றர் பெற்றோல், ஒயில், ரயர். அதை ஓடுகிறவர் ஓடிய மணித்தியாலத்துக்குக் கட்டுகிறார். இந்த இரண்டையும் கலந்தால் கழகம் கெடும். கூடப் பறக்கிறவரின் செலவைக் குறையப் பறக்கிறவர் சுமப்பார். ஒரு வருடம் பொறுப்பார், அடுத்த வருடம் விலகிவிடுவார்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைத்தான் சின்னக் கழகங்கள் மறந்துவிடும். இந்த எஞ்சினை 2,000 மணித்தியாலம் ஓடியதும் முழுதாகக் கழற்றிப் புதுப்பிக்கும்படி அதைச் செய்தவர்கள் சொல்கிறார்கள். அதற்கு 40,000 டொலர் ஆகும் என்று வைத்துக்கொண்டால், இன்று ஒருவர் ஓடும் ஒவ்வொரு மணித்தியாலமும் 20 டொலர் எஞ்சினைத் தின்றுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத செலவு அது. இன்று பறந்தவர் அதை வைக்காமல் போனால், பத்து வருடம் கழித்துப் புதிதாகச் சேரும் யாரோ ஒரு பிள்ளை அதைக் கட்ட வேண்டிவரும். ஆகவே மணிக் கட்டணத்தில் அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வேறு கணக்கில் போடுகிறோம். எந்த அவசரத்துக்கும் அதில் கைவைப்பதில்லை. அந்த விதியை நான் விடாப்பிடியாகக் காத்துவருகிறேன்.

பொதுவில் வைத்திருப்பதால் விமானத்துக்கு நன்மையும் உண்டு. தனி ஆளுடைய விமானங்கள் மாதக்கணக்கில் நிற்கும். நிற்கிற எஞ்சினுக்குள் ஈரம் படிந்து, உள்ளே இருக்கும் கேம் தண்டு துருப்பிடித்துவிடும். எங்களுடையது யாராவது ஒருவர் கையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். வாய்க்கால் தண்ணீரை ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறையும். விமானம் பலர் எடுத்தால் நல்லாயிருக்கும்.

முறை வைப்பதில் மட்டும் இரண்டும் ஒன்றுதான். சனி, ஞாயிறு, காற்றில்லாத காலை நேரம்: எல்லாருக்கும் வேண்டியது அதுதான். முன்னால் பதிந்தவருக்கே என்று விட்டால், வேலை நேரம் நிச்சயமில்லாத தாதிக்கு ஒருபோதும் கிடைக்காது. கனடாவின் விதிப்படி, ஆறு மாதத்துக்குள் ஐந்து முறை ஏறி இறங்காதவர் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு பறக்க முடியாது. ஆகவே இலையுதிர்காலத்தில் நான் ஒரு பட்டியல் எடுப்பேன். அந்த ஐந்தை எட்டாதவர்களுக்கு, பனி விழ முன்னர், நல்ல காலைகள் முதலில் போகும். அதிகம் பறக்கிற எங்களுக்கு மீதி.

இந்த ஒழுங்கு அப்பாவின் ஒழுங்கு. இரணைமடுவில் காலபோகத்துக்கு மழையும் இருக்கும், குளமும் நிறையும். சிறுபோகம் அப்படியில்லை. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கச்சேரியில் அரசாங்க அதிபர் தலைமையில் கூட்டம் வைத்துத் தீர்மானிப்பார்கள். அதன் பிறகு ஒவ்வொரு வாய்க்காலிலும் யாருக்கு எந்த நாள், எத்தனை மணித்தியாலம் என்பது கமக்காரர்களின் பாடு. எங்கள் வாய்க்காலுக்கு அப்பா பல வருடம் பொறுப்பாக இருந்தார். தண்ணீர் குறைந்த காலத்தில் அவர் முறையைக் கடைசி வயலிலிருந்து தொடங்குவார். "மேலை இருக்கிறவன் எப்பிடியும் எடுத்துப்போடுவான். கடைசியிலை இருக்கிறவனுக்குத்தான் ஆள் வேணும்" என்பார்.

விமானத்தை விட்டு இறங்குகிறவர் செய்ய வேண்டிய கடைசி வேலை எழுதுவது. எத்தனை மணித்தியாலம் ஓடியது, எவ்வளவு ஒயில் விட்டது, என்ன பழுது கண்டது. கனடாச் சட்டப்படியும் பழுதைப் பயணப் பதிவேட்டில் எழுதியே ஆகவேண்டும். ஆனால் ஆட்கள் எழுதுவது சட்டத்துக்குப் பயந்து மட்டுமில்லை. எழுதினால் தனக்கு என்ன நடக்கும் என்பதைப் பொறுத்தும்தான்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கழகத்தின் இளைஞன் பக்கக்காற்றில் இறங்கும்போது விமானம் மூக்குச் சில்லில் பலமாக இடித்துத் துள்ளியது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் காலை அந்தத் தாதி தன் மகளை ஏற்றிக்கொண்டு போக இருந்தார். அவன் அன்று மாலையே பதிவேட்டில் எழுதினான். எனக்கும் அழைத்துச் சொன்னான். மெக்கானிக் வந்து மூடியைத் திறந்தார். செஸ்னா 172இல் மூக்குச் சில்லின் அடி எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரில்தான் போய் விழும். அந்தச் சுவர் மடிந்திருந்தது. விமானம் வாரக்கணக்கில் தரையில் நின்றது. காப்புறுதி கொடுத்ததுபோக எங்கள் பங்காக ஒரு தொகை கட்ட வேண்டியிருந்தது.

கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "இடித்தவர் கட்டட்டும்." பலருக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கு வாய்க்கால் கரையில் நடந்த ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது. அதை அங்கே அப்படியே சொன்னேன்.

வயல் வரம்பில் நண்டு வளை தோண்டும். அந்த ஓட்டையால் தண்ணீர் இரவு முழுக்கக் கசிந்து கழிவாற்றுக்குப் போய்விடும். மேல் வயலில் ஒரு நண்டு வளை, கீழே நான்கு வயல் காயும். ஒரு சிறுபோகத்தில், ஓட்டையை அடைக்காதவனுக்குக் குற்றப்பணம் போட வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டார்கள். அப்பா மறுத்துவிட்டார். "ஓட்டை இருக்கெண்டு வந்து சொன்னால் அது வாய்க்காலின்ரை வேலை. எல்லாரும் மம்பெட்டியோடை போவம். மறைச்சு நாங்கள் கண்டுபிடிச்சால்தான் அவன்ரை குற்றம். சொல்லுறவனுக்குக் குற்றம் போட்டால் நாளைக்கு ஒருத்தனும் சொல்லமாட்டான். தண்ணி மட்டும் போய்க்கொண்டிருக்கும்" என்றார். அதன் பிறகு விடியற்காலையில் ஆட்கள் எங்கள் படலையடிக்கு வந்து "அண்ணை, என்ரை வரம்பு உடைஞ்சுபோச்சு" என்று தாங்களாகவே சொல்வதை நான் பார்த்திருக்கிறேன்.

பால்பண்ணைக்காரர் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் மாடுகளுக்கு வரும் நோயும் இப்படித்தான், மறைத்தவனால்தான் பரவுகிறது என்றார். அன்று விதி எழுதினோம்: தானாகச் சொல்லப்படும் சேதத்துக்குக் கழகம் கட்டும், மறைக்கப்பட்டதற்கு மறைத்தவர் கட்டுவார். அந்த நாளுக்குப் பிறகு எங்கள் பதிவேட்டில் சின்னச் சின்னக் குறிப்புகள் பெருகின. பழுது கூடியதாக நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவரை ஒருவர் நம்புவது கூடியிருக்கிறது.

சாதாரண மனிதர் கூட்டுச்சேர்ந்து பறக்கும் இந்த ஏற்பாட்டுக்கு நூறு வருடமாகிறது. 1925இல் டி ஹவிலன்ட் மொத் என்ற இலேசான இரண்டு இருக்கை விமானம் வந்தது. செட்டைகளை மடித்து ஒரு கொட்டிலில் விடலாம். அந்த வருடமே பிரித்தானியாவில் அரசாங்க உதவியுடன் கழகங்கள் தொடங்கின. 1930இல் சென்னையில் மெட்ராஸ் பறப்புக் கழகம் பிறந்தது. 1935 நவம்பர் 27ஆம் திகதி இரத்மலானை ஓடுபாதையில் முதன்முதலாக இறங்கிய விமானத்தை ஓட்டிவந்தவர் அந்தக் கழகத்தின் தலைமை ஆசிரியர் ரின்டேல் பிஸ்கோ. இலங்கையின் முதல் விமான நிலையத்தைத் திறந்துவைத்தது, சென்னையிலிருந்து வந்த ஒரு கழகக்காரரின் சின்ன விமானம். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனது. அன்று வடக்கின் வானம் ஊர்களை இணைக்கும் வழியாகவும் இருந்தது.

ஆனால் வவுனியாவிலும் பலாலியிலும் ஓடுபாதை போட்டது இரண்டாம் உலகப்போருக்காக. இரணைமடுவில் போட்டது எங்கள் போருக்காக. வன்னியில் எந்த ஓடுபாதையும் ஒரு பாடசாலைப் பிள்ளை பறக்கப் பழகுவதற்கென்று போடப்படவில்லை. இன்றும் பறக்கப் படிக்க விரும்பும் கிளிநொச்சிப் பிள்ளை பெரும்பாலும் இரத்மலானை போன்ற தூர இடத்துக்குத்தான் போகவேண்டியிருக்கும். அந்தச் செலவைத் தாங்கும் வீடு எங்கள் பக்கத்தில் எத்தனை இருக்கும்?

சென்னை–பலாலிச் சேவை மறுபடி தொடங்கியபின் ஒருமுறை அந்த வழியால் ஊருக்குப் போனேன். பலாலியில் இறங்கி, ஆனையிறவு தாண்டி வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் விமானத்தின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"உது ஆற்றை?"

"பன்னிரண்டு பேற்றை, அப்பா."

"அப்ப ஆர் முறை வைக்கிறது?"

"நான்தான்."

தலையை ஆட்டினார். பிறகு, கடைசி ஆளுக்கு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேட்டார். எவ்வளவு உயரம் போகும், என்ன வேகம் என்று ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாள் அறிவியல் நகர்ப் பக்கம் போனோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இப்போது அங்கே, கிளிநொச்சி மண்ணில் இருக்கிறது. வாசலில் நின்ற பிள்ளைகளின் வயதில் நான் பங்கருக்கும் அகதிக் கொட்டிலுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்தேன். இவர்களுக்கு எஞ்சின் தெரியும், காற்றின் கணக்குத் தெரியும். ஒரு விமானத்துக்கு வேண்டிய அனுமதியும் காசும் உடனே கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கழகம் விமானத்தோடுதான் தொடங்க வேண்டும் என்றில்லை. பலகையிலும் நுரைத்தகட்டிலும் பிள்ளைகள் சேர்ந்து செய்யும், எஞ்சினில்லாமல் காற்றில் மிதக்கும் மாதிரி விமானம் ஒன்றோடு தொடங்கலாம். அதற்கும் ஒரு பதிவேடு, அதற்கும் ஒரு சேமிப்பு, அதற்கும் ஒரு முறை. உடைத்தவர் தானாக வந்து சொல்லவும், மற்றவர்கள் ஒன்றாக இருந்து ஒட்டவும் பழகினால் மீதியைப் பிறகு சேர்க்கலாம்.

எங்கள் ஊரில் இதை யார் நடத்துவது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. தண்ணீர் குறைந்த வருடத்தில் கடைசி வயலுக்கு முதலில் திறந்துவிட்ட மனிதர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பறப்புக் கழகத்துக்கும் முதலில் தேவைப்படுவது அவர்கள்தான். எங்கள் கழகத்தின் விதிகள் மொத்தம் மூன்று பக்கம். அவற்றைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். எடுத்து நடத்த வன்னியில் ஒரு பாடசாலையோ ஒரு மாணவர் குழுவோ முன்வந்தால், அந்த மூன்று பக்கத்தோடு முதல் வருடத்துக் கணக்குக் கொப்பியையும் நானே வந்து எழுதித் தருவேன்.